குளிப்பாட்டின ரெண்டே நாள்ல நாய்க்கு வாடை வருதா?

வணக்கங்க. வேளச்சேரியில இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "எங்க வீட்ல நாலு வயசு ஷிட்ஸு ஜாதி நாய்ப் பையன் இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனா குளிப்பாட்டிடுவோம். செவ்வாய்க்கிழமைக்கெல்லாம் ஈரத்துணி மாதிரி வாடை வந்துடுது. காதை வேற சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். சீப்பை எடுத்தா கடிக்க வர்றான். எந்த ஷாம்பு வாங்கலாம்?"ன்னு கேட்டிருக்காங்க.

அக்கா, ஷாம்புவை அப்புறம் பாத்துக்கலாம். ஈரத்துணி வாடைன்னு சொன்னீங்க பாருங்க, அது நிஜமாவே ஈரத்தோட வாடைதான். அவன் இன்னும் காயவே இல்ல. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள தோலை ஒட்டி ஈரம் அப்படியே நிக்கும். ஷிட்ஸுவுக்கு நம்ம தலைமுடி மாதிரி முடி வளந்துக்கிட்டே இருக்கும். உதிர்ற முடியும் கீழ விழாம, வளர்ற முடியிலயே மாட்டிக்கிட்டுச் சிக்காயிடும். அந்தச் சிக்குல தண்ணி பட்டா இறுகி, கம்பளி மாதிரி கட்டிக்கும். சென்னைக் காத்துல எப்பவும் ஈரம் இருக்கு. தானா காஞ்சிடும்னு விட்டா காயாது.

இதுல நான் பட்டிருக்கேன். என்னோட முதல் குட்டியும் ஷிட்ஸுதான். முதுகு, வால், முகம் எல்லாம் பளபளன்னு சீவி விடுவேன். ஒருநாள் முன்னங்காலைத் தூக்கிப் பாக்குறேன், அக்குள்ல உள்ளங்கை அகலத்துக்கு முடி கட்டிப் போயிருக்கு. டாக்டர் மெஷின் வச்சு மழிச்சு எடுத்தாங்க. அடியில தோல் செக்கச்செவேல்னு, தொட்டா பிசுபிசுன்னு இருந்துச்சு. அவ்ளோ வலியிலயும் அவ கத்தல, என் கையை நக்கிக்கிட்டு இருந்தா. இத்தனை நாளா அது எனக்குத் தெரியலையேன்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி சீவிடணும். ஒரு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிசான கம்பிப் பல்லு வச்ச பிரஷ்), ஒரு ஸ்டீல் சீப்பு போதும். மேலாக்க ஓட்டக் கூடாது. ஒரு கையால முடியை ஒதுக்கி, வகிடு எடுத்த மாதிரி தோல் தெரியணும். நுனியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா வேருக்கு வாங்க. காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசுற இடம், இங்கெல்லாம்தான் சிக்கு ஒளிஞ்சிருக்கும். சிக்கு மாட்டினா வேர்ப்பக்கம் ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நுனியைப் பிரிங்க, தோல் இழுபடாது. கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். சிக்கு தோலையும் சேத்துத் தூக்கியிருக்கும், முடி எது தோல் எதுன்னு கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீல் சீப்பு எங்கயும் மாட்டாம வழுக்கிக்கிட்டுப் போனா, அப்ப பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க.

வெயில் காலத்துல மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணி குழாய்லயே சுடும். நேரா மேல பிடிக்காதீங்க. பக்கெட்ல பிடிச்சு முழங்கையை விட்டுப் பாத்து, வெதுவெதுப்பா இருந்தா ஊத்துங்க. டைல்ஸ் வழுக்கினாலே நாய்ங்க பயந்துடுவாங்க, கீழ ரப்பர் மேட்டோ பழைய துண்டோ போட்டுடுங்க. கழுத்துல இருந்து பின்பக்கமா ஊத்துங்க. தலைக்கு ஊத்தவே வேண்டாம், கடைசியா ஈரத்துணியால துடைச்சா போதும்.

ஷாம்பு, நாய்க்குன்னு விக்கிறதுல மருந்து கலக்காத சாதாரணமானதா வாங்குங்க. அவங்க தோல் நம்ம தோலை விட மெல்லிசு, அமிலத்தன்மையும் கம்மி, நம்ம சோப்பு போட்டா வறண்டு அரிக்கும். டெட்டால் ஊத்திக் குளிப்பாட்டுறது நிறைய வீட்ல நடக்குது, தயவுசெஞ்சு செய்யாதீங்க. உண்ணிக்குக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெய்ல கரைச்சுத் தடவுறதும் அப்படித்தான். அவங்க நக்கிடுவாங்க, கற்பூரம் நாய்க்கு விஷம். உங்க வீட்ல போர் தண்ணின்னா ஷாம்புவை மக்ல கரைச்சு ஊத்துங்க, அலசறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க.

இனிமேதான் பெரிய வேலை. ரெண்டு டவல் வச்சுக்கோங்க. தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்ச்சா மறுபடியும் சிக்குதான். அப்புறம் ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, சீவிக்கிட்டே வேர் வரைக்கும் காய வைங்க. முகத்துக்கு நேரா காட்டாதீங்க. ஷிட்ஸுவுக்குச் சப்பை மூக்கு, சூடு தாங்காது, மூச்சு வாங்கினா உடனே நிறுத்திடுங்க. இதுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அவ்ளோ நேரம் இல்லாத நாள்ல குளிப்பாட்டாதீங்க. வாரா வாரமும் தேவையில்ல, மூணு வாரத்துக்கு ஒருதடவை போதும். சீவுறது மட்டும் தினமும் வேணும்.

காது விஷயத்தைத் தள்ளிப்போடாதீங்க அக்கா. தொங்குற காதுக்குள்ள தண்ணி போனா காத்தோட்டம் இல்லாம ஈஸ்ட்ங்கிற பூஞ்சைத் தொற்று வந்துடும். மடலைத் தூக்கிப் பாருங்க. பழுப்பு அழுக்கோ புளிச்ச வாடையோ இருந்தா, அடுத்த குளியலுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பட்ஸ் விடாதீங்க. நாய்க்குக் காதுக் குழாய் கீழ இறங்கி உள்பக்கம் திரும்பும், பட்ஸ் அழுக்கை இன்னும் உள்ள தள்ளிடும்.

சீப்பைப் பாத்து கடிக்க வர்றான்னா, அவனுக்கு எங்கயோ வலிக்குது. டாக்டர்கிட்ட போறப்பவே அக்குளையும் தொடை இடுக்கையும் காட்டுங்க. கட்டியான சிக்கு இருந்தா மழிச்சிடச் சொல்லுங்க, ஷிட்ஸுவுக்குத் திரும்ப வளந்துடும். பொமரேனியன் வச்சிருக்கிறவங்க இதைக் கேட்டு மழிச்சிடாதீங்க, அந்த நாய்க்கு மழிச்ச முடி சில சமயம் சரியா வளராது.

மழிச்சதுக்கு அப்புறம் ஒரு வாரம் சீப்பைச் சும்மா காட்டிட்டு, உப்புப் போடாம வேகவச்ச சிக்கன் ஒரு துணுக்கு குடுங்க. அடுத்த வாரம் ரெண்டு இழுப்பு, ஒரு துணுக்கு. ராத்திரி டிவி பாக்குறப்ப மடியில போட்டுக்கிட்டே செய்யுங்க, அவனா எந்திரிச்சா விட்டுடுங்க. புது முடி அரை இஞ்சு வர்றதுக்குள்ள பழகிடுவான்.