பழியை விமானியோடு புதைக்காதீர்கள்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் விமானப்படை அதிகாரிகளே, கேட்டவுடன் அரங்கத்தைத் திறந்துவிட்ட தாளாளர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய முதல்வர் ஐயா அவர்களே, கோவையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விமானியின் பொறுப்பு, பராமரிப்பு, விசாரணை என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பார்கள். ராணுவ விமான விபத்துகளில் அதுதான் நடக்கிறது.

1994 ஜூன் 2. பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் வட அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்புகிறது. பயணிகள் 25 பேர், உளவு, பாதுகாப்புத் துறைகளின் மூத்தவர்கள். பறப்புக் குழுவினர் 4 பேர். மல் ஆஃப் கின்டையர் மலையை மூடுபனி மறைத்திருக்கிறது. மோதியது. 29 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. குரல்பதிவுக் கருவி இல்லை, கறுப்புப் பெட்டியும் இல்லை. கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

இறந்த விமானிமீது அலட்சியக் குற்றம் சுமத்த எள்ளளவும் சந்தேகம் இருக்கக்கூடாது என்பது அந்தப் படையின் சொந்த விதி. விசாரித்த மூன்று அதிகாரிகள் அலட்சியம் என்று எழுதவில்லை. மேலே இருந்த இரண்டு தளபதிகள் 1995இல் 'பெரும் அலட்சியம்' என்று எழுதினார்கள்!

விழுந்த சினூக், புதிதாகப் படைக்கு வந்த மார்க் 2 ரகம். இன்ஜினுக்கு எரிபொருளை அளந்துவிடுவது ஃபாடெக் என்னும் கணினி. அதன் மென்பொருளில் 18 சதவீதத்தைப் பார்த்ததிலேயே 480க்கும் மேற்பட்ட முரண்பாடுகள். பாஸ்கம்ப் டவுன் சோதனை மையம் விபத்துக்கு முந்தின நாள்தான் அந்த ரகத்தை ஓட்டுவதை நிறுத்தியது. வெளியே 4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பறக்க அனுமதியில்லை. மேலே ஏற ஏறக் குளிர் கூடும், ஆகவே மேகத்தில் ஏறித் தப்பும் வழியும் குறுகியது. மென்பொருள்தான் வீழ்த்தியது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஆதாரமில்லை. ஆதாரமில்லாத இடத்தில் இறந்தவர்கள் பெயரை எழுதியதுதான் கொடுமை. 2011இல் நீதிபதி லார்ட் பிலிப்பின் மறுஆய்வுக் குழு சொன்ன பிறகே அந்தத் தீர்ப்பு ரத்தானது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 16 வருடம், ஐயா! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விமானிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அதே 1994 ஜூன் 24, அமெரிக்காவின் ஃபேர்சைல்டு தளத்தில் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்றை மிகத் தாழ்வாகச் சாய்த்துத் திருப்பி வீழ்த்தியவர் பட் ஹாலண்ட். 4 பேர் இறந்தார்கள். அவருடைய விதிமீறல்கள் 1991 முதலே மேலதிகாரிகளுக்குத் தெரியும். 'இவரைப் பறக்க விடாதீர்கள்' என்று கேட்ட படைப்பிரிவுத் தலைவர் மக்கீஹன், அவர் பக்கத்து இருக்கையிலேயே உயிர்விட்டார்.

இனி நம் குன்னூர். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 உயிர்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் புகுந்து, விமானி திசையுணர்வு இழந்தார் என்றது விமானப்படை. அலட்சியம் இல்லை என்றும் சொன்னது. 2024இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் அட்டவணையில் காரணம் 'மனிதத் தவறு, விமானக் குழு' என்று சுருங்கிவிட்டது. பாதையைத் தீர்மானித்தது யார்? வானிலைத் தகவல் எத்தனை மணிக்குப் போனது? பயணத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

நம் கோரிக்கை இதுதான்: விபத்தை விசாரிப்பவர்கள் அந்தப் படையின் கட்டளை வரிசைக்கு வெளியே இருக்கட்டும். ரகசியப் பகுதியை நீக்கி அறிக்கையை வெளியிடட்டும். இறந்த விமானியின் குடும்பத்துக்கு வழக்கறிஞர் வைக்க உரிமை கொடுக்கட்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.