கல்லாப்பெட்டியைத் திறந்து பார்ப்போம்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'சமூகத்துக்குப் பெரிதும் உதவுவது நன்கொடையா, சமூகத் தொழில்முனைவா?' தொழில்முனைவே என்பது எங்கள் அணி. அதாவது, ஊருக்கு உதவும் வேலையையே தன் வருமானத்தில் நிற்கும் தொழிலாக நடத்துவது.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கேட்டார்: "கல்லாப்பெட்டியை வைத்துக்கொண்டு கருணை பேசலாமா?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தக் கல்லாப்பெட்டியைத் திறந்தே பார்த்துவிடுவோம்.

1976, மதுரை. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் வெங்கடசாமி, 58 வயதில், வீட்டை அடமானம் வைத்து 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்குகிறார். அவர் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இளம் வயதிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போன கை. பேனா பிடிக்கவே தடுமாறிய கை! அந்தக் கைதான் கத்தி பிடிக்கப் பழகியது. அதுவும் எங்கே? கண்ணில்! மயிரிழை தவறினால் பார்வை போச்சு. அந்தக் கையால் எத்தனை அறுவைச் சிகிச்சை செய்தார்? நூறா? ஆயிரமா? அண்ணே, நீங்களே சொல்லுங்கள், பத்தாயிரமா? ஒரு லட்சத்துக்கும் மேல்!

இப்போது கல்லாப்பெட்டிக்கு வருகிறேன். வசதியுள்ளவர் கட்டிய பணம் அதற்குள் போனது. இல்லாதவரின் கண்புரைச் சிகிச்சையாக வெளியே வந்தது. அந்த மருத்துவமனையை நடத்துவது லாப நோக்கமற்ற அறக்கட்டளைதான். லாப நோக்கம் இல்லையென்றால் வருமானமே கூடாது என்று யார் சொன்னது? மிச்சத்தை யாரும் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான். கண்புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் நூறு டாலர் அளவில் விற்ற காலம் அது. நன்கொடையாக வந்தால் எத்தனை பேருக்குப் போதும்? 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். அதற்கும் நல்ல உள்ளங்கள் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய உதவியைத் தொழிற்சாலையாக்கினார்களே, அதைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம் நடுவர் அவர்களே. பார்வை மங்கிய ஆத்தா பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதென்று வாயே திறக்க மாட்டாள். சுவரைத் தடவித் தடவி நடப்பாள். பேரனைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்பாள். அப்படி ஓர் ஆத்தா, ஓர் அப்பா உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இருக்கலாம். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள் அய்யா. பக்கத்தில் கண் முகாம் எங்கே என்று நாளைக்கே விசாரித்துக் கூட்டிப் போங்கள். கையில் காசில்லை என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். வணக்கம்.