கொத்தனார் வருமுன்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டுமானப் பொறியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் வீடுகளை இடித்துக் கட்டுவித்த நான், திருச்சியில் உள்ள என் சொந்த வீட்டின் சமையலறையையும் குளியலறையையும் புதுப்பித்தபோதுதான் அந்தத் தொழிலின் மறுபக்கத்தைப் பார்த்தேன். புது வீடு கட்டுகிறவர்கள் வேறிடத்தில் குடியிருந்துகொண்டு, மாலையில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். குடியிருக்கும் வீட்டைச் சீர்செய்கிறவர்களோ சிமெண்ட் மூட்டைக்கும் சோற்றுப் பானைக்கும் நடுவில் வாழ வேண்டியிருக்கிறது. டைல்ஸ் என்ன நிறம், குழாய் என்ன கம்பெனி என்று மாதக்கணக்கில் யோசிக்கும் குடும்பங்கள், வேலை நடக்கும் நாட்களில் காலைக் காப்பியை எங்கே போடுவது என்பதைக் கொத்தனார் கடப்பாறையைத் தூக்கிய பிறகுதான் யோசிக்கின்றன. நான் இன்று பேசப்போவது அந்தக் காப்பியைப் பற்றித்தான்.

சமையலறையையும் குளியலறையையும் ஒரே நேரத்தில் உடைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். "ஒரேயடியா முடிச்சிடலாம்மா" என்றுதான் மேஸ்திரி சொல்லுவார். ஆட்களும் சாமானும் ஒருமுறை வந்து போனால் போதும் என்ற கணக்கில் அவருக்கு அது நியாயமே. ஆனால் அடுப்பும் தண்ணீரும் ஒரே நாளில் பறிபோன வீட்டில் மூன்றாம் நாளே சண்டை தொடங்கிவிடும். ஒரு குளியலறைக்கு மூன்று வாரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பது இரண்டு நாள் வேலைதான். பிறகு குழாய் பதித்து, பூசி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி, இருபத்து நான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் வரை கசிகிறதா என்று பார்த்த பின்புதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஆளே வராமல் தண்ணீர் மட்டும் நிற்கும் அந்த இரண்டு நாட்களில் வீட்டாருக்குப் பொறுமை போய்விடுகிறது. அவர்கள் அவசரப்படுத்தியதால் சோதிக்காமல் மூடிய தரைகளைப் பிறகு நானே உடைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரே கழிப்பறைதான் என்றால், மாற்று ஏற்பாடு உறுதியாகும் வரை அதன் மீது சுத்தியல் படவே கூடாது. பக்கத்து வீட்டில் போய்க்கொள்ளலாம் என்பது பகலில் சொல்வதற்கு எளிது. இரவு இரண்டு மணிக்கு எண்பது வயதுப் பெரியவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது மொட்டை மாடித் தளத்தைக் கொத்தித் திறக்காதீர்கள். பிள்ளைகளின் தேர்வு மாதத்தில் உள்ளே வேலை வேண்டாம். ஆடியில் பலர் வேலை தொடங்குவதில்லை என்பதால் எங்கள் பக்கத்தில் நல்ல கொத்தனார் கிடைப்பது அந்த மாதத்தில் சற்று எளிது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களோடு நான் வாதாட வரவில்லை.

அடுத்து, வேலை எட்டியும் பார்க்காத ஓர் அறையை ஒதுக்குங்கள். படுக்கை, மருந்துகள், பத்திரங்கள், பள்ளிப் பைகள் எல்லாம் அங்கே போகட்டும். நகைகள் வங்கி லாக்கருக்குப் போகட்டும். கதவின் அடியிடுக்கை ஈரத்துணியால் அடைப்பவர்கள்கூட, பழைய வீடுகளில் கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரை மறந்துவிடுகிறார்கள். தூசி அந்த வழியாகவும் வருகிறது. டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும்போது பறக்கும் தூசியில், நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கும் சிலிக்காத் துகள்கள் உண்டு. ஆகவே அறுக்கும் வேலை வாசலிலோ மாடியிலோ, தண்ணீர் ஊற்றியபடியே நடக்க வேண்டும் என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் பூசும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பழைய எனாமல் பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்க விடாமல், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். குழந்தைகளை அன்று தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

தற்காலிகச் சமையலறை என்பது ஒரு மேசையும் அடுப்பும் மட்டுமல்ல. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். எனவே தரைமட்டத்தில் காற்றுப் போக வழியுள்ள இடத்தில் சிலிண்டரை நிற்க வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில் வைக்க வேண்டும். படிக்கட்டின் அடியிலுள்ள இடுக்கு எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் அது சிலிண்டருக்கான இடம் அல்ல. இன்டக்‌ஷன் அடுப்பு வைப்பவர்கள், 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதை நினைவில் வைத்து, 16 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே செருகுங்கள். அறுக்கும் மெஷினும் அதே லைனில் வேண்டாம். அந்த மெஷின்கள் பெரும்பாலும் பிளக் இல்லாமல்தான் வரும். வெறும் ஒயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது நம் ஊர் வழக்கம். இரண்டு பிளக்குகளை வாங்கி வைத்திருங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் டிரிப்பர் வீட்டில் இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் மற்ற எதற்கும் முன்னால் அதை மாட்டிவிடுங்கள்.

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை மாலை, வாரக்கூலி கொடுத்து ஆட்களை அனுப்புவதற்குச் சற்று முன், பழைய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்த உளி சுவருக்குள் இருந்த குழாயில் இறங்கிவிட்டது. மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூட நான் ஓடினேன். பல ஆண்டுகளாக யாரும் திருப்பாத அந்த வால்வின் சக்கரம் என் கையோடு கழன்று வந்துவிட்டது. தொட்டி முழுவதும் காலியாகும் வரை கூடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதைத் தவிரப் பொறியாளராகிய எனக்கு வேறு வழியில்லை. ஆகவே, வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டிலுள்ள ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து பாருங்கள், மூடாததை மாற்றிவிடுங்கள். அதோடு தரையிலுள்ள தண்ணீர் போகும் ஓட்டைகள் எல்லாவற்றிலும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய கோணித் துணியை இறுகத் திணித்து வையுங்கள். மாலையில் கரணையையும் சட்டியையும் கழுவும் சித்தாள் அந்தச் சிமெண்டுப் பாலை அருகிலுள்ள ஓட்டையில்தான் ஊற்றுவார்; அது குழாய்க்குள் இறுகிவிட்டால் புதிய தரையை மறுபடியும் உடைக்க வேண்டியிருக்கும். அவர்கள் கழுவுவதற்கும், குடிக்கத் தண்ணீர் எடுப்பதற்கும், கழிப்பறை போவதற்கும் இன்ன இடம் என்று நீங்கள் காட்டாவிட்டால் அவர்களாக ஓரிடம் கண்டுபிடிப்பார்கள். அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை.

பூச்சு நனைக்கப் பிடித்துவைக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரம்மிலும் தளத்திலும் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். எனவே வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும். இடித்த கட்டியைத் தெருவில் கொட்டி வைப்பது விதிக்கு மாறானது. எடுத்துச் செல்லும் வண்டியை உடைப்பதற்கு முன்பே பேசி வையுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை சத்தமெழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது. விதி அப்படியிருக்க, பக்கத்து வீட்டாரின் மதியத் தூக்கத்தை நீங்களாகவே விசாரித்துக்கொள்வது இன்னும் பயன் தரும்.

கடைசியாக ஒன்று. வேலை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்த்துவிடுங்கள். சமையலறைக் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒதுக்கிய அறையிலும் தற்காலிக அடுப்பிலும் காலை முதல் இரவு வரை இருந்து பாருங்கள். நாங்கள் அப்படி இருந்த நாளில், சாவியை வைத்திருந்த என் கணவர் கதவைத் திறந்த ஒவ்வொரு தடவையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டு வந்தார், பதினேழு கோடுகள். உப்பு, இடுக்கி, காப்பி வடிகட்டி, அம்மாவின் மாத்திரையை இரண்டாக உடைக்கும் கத்தி, கோலமாவு டப்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இரவு விளக்கை அணைத்ததும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு அம்மா நடந்து பார்த்தார். மணல் மூட்டைகளை அடுக்கத் திட்டமிட்டிருந்த நடையில் இடம் குறித்துப் போட்டிருந்த ஸ்டூலில் அவருடைய கால் தட்டியது. மறுநாள் காலை ஆட்கள் வந்தபோது, மூட்டைகளைக் கொல்லைப் பக்கம் இறக்கச் சொன்னோம்.

நன்றி. வணக்கம்.