பாலை ஆற்றக் கருவி வாங்கும் முன்
நேயர்களுக்கு வணக்கம். நாலைந்து மாடு வைத்துக்கொண்டு, கறக்கிற இருபது லிட்டர் பாலை வீட்டிலேயே பதப்படுத்திப் பாட்டிலில் ஊற்றி விற்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அதை முதலில் முடித்துவிடுங்கள்.

கிருமிகளைக் கொல்லப் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பதைப் பலரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது அதற்கு அப்புறம்தான். சூடான கேனை மூடி ஓரமாக வைத்தால் பால் ஆற மணிக்கணக்காகும், அந்த வெதுவெதுப்பில் சூட்டுக்குத் தப்பிய கிருமிகளும் பாத்திரத்தில் ஒட்டியிருந்தவையும் சேர்ந்து பெருகி, மறுநாள் வாடிக்கையாளர் வீட்டு அடுப்பில் பால் திரிந்து நிற்கும்.

சூட்டைச் சீக்கிரம் இறக்கும் கருவியை போனில் தேடினால் வெளிநாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் வீடியோக்கள்தான் வரும். நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் கொதிக்கும் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றை வேகமாக ஆற்ற அவர்கள் வைத்திருக்கும் வழிகள் மூன்றும் நமக்கும் பொருந்தும். ஒன்று, பால் பாத்திரத்துக்குள் இறக்கும் சுருள் குழாய், அதற்குள் தண்ணீர் ஓடும். இன்னொன்று குழாய்க்குள் குழாய்: உள்ளே பால், வெளியே தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும், பால் வெளியேறும் முனையில் குளிர்ந்த தண்ணீர் நுழையும். மூன்றாவது பிளேட் கூலர்: மெல்லிய தகடுகளை அடுக்கியிருப்பார்கள், ஒரு இடுக்கில் பாலும் அடுத்த இடுக்கில் தண்ணீரும் ஓடும்.

அவர்கள் செம்புச் சுருள் போடுகிறார்கள், அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். செம்பு ஒரு துளி கரைந்தாலும் பால் கொழுப்பில் சிக்கு வாடை வந்துவிடும். சின்ன பிளேட் கூலர்களில் பலவற்றின் பிளேட்டுகளைச் செம்பு வைத்துத்தான் பற்றவைத்திருப்பார்கள், கழற்றவும் முடியாது. 304 ரக எவர்சில்வர்தான் நமக்கு. உருக்காலை இருக்கிற சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

கருவியைவிட முக்கியம் உங்கள் தண்ணீர். எந்தக் கருவியானாலும் உள்ளே விடும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே பாலை இறக்காது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், அதை விட்டு என்ன ஆறும்? போர் தண்ணீரை டேங்குக்கு ஏற்றாமல் நேராக விடுங்கள். ஏற்காட்டில் மார்கழியில் குழாய்த் தண்ணீரே பாதி வேலையை முடித்துவிடும், கீழே சேலத்தில் அது நடக்காது. அதனால் தெர்மாமீட்டரால் மதிய நேரத்துத் தண்ணீரை அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

இருபது லிட்டருக்கு நான் சொல்வது சுருள் குழாய்தான். பாலில் படும் பக்கம் கண்ணுக்குத் தெரியும், தேய்த்துக் கழுவலாம். மற்ற இரண்டும் வேகமானவைதான், ஆனால் பால் உள்ளே ஓடுகிறது, பிளேட்டுகளைக் கழற்ற முடியாவிட்டால் எவ்வளவு படிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. நூறு லிட்டருக்கு மேல் போனால் ரப்பர் கேஸ்கட் வைத்துக் கழற்றும் பிளேட் கூலரைப் பாருங்கள்.

சுருளை அடியில் போட்டுவிடாதீர்கள், அடிப்பால் சில்லென்று இருக்கும், மேல்பால் சுட்டுக்கொண்டே இருக்கும். மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் ஆறிய பால் தானாகக் கீழே இறங்கும், கூடவே சுத்தமான கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். முதலில் போர் தண்ணீர், 63-இலிருந்து 35 வரை வர ஐம்பது அறுபது லிட்டர் போகும், வெதுவெதுப்பாக வெளியே வரும் அந்தத் தண்ணீரைக் கேன் கழுவப் பிடித்துவையுங்கள். அப்புறம் ஒரு டப்பில் தண்ணீரும் ஐஸும் போட்டு, ஏர் கூலர் மோட்டார் வைத்து அந்த ஐஸ் தண்ணீரையே சுருளுக்குள் சுற்றவிடுங்கள். 5 டிகிரிக்கு வர குறைந்தது ஏழெட்டு கிலோ ஐஸ் ஆகும். எடுத்த எடுப்பிலேயே ஐஸில் இறங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவு.

முடிந்ததும் முதல் அலசலுக்குச் சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம், பால் புரதம் குழாயில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, அதற்குப் பிறகு சூடான சோப்புத் தண்ணீர், கடைசியில் நல்ல தண்ணீர். உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சுருளின் உட்பக்கம் உப்புப் படிந்து ஆற்றும் நேரம் மெல்ல மெல்லக் கூடும், அப்போது எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். வணக்கம்.