2எம் என்றால் இரண்டு மீற்றரா, இரண்டு மடங்கு திணிவா?

வணக்கம். நான் வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், குறிப்புகள் எல்லாம் இப்போது வட்ஸ்அப்பில்தான் போகின்றன. போன மாதம் ஒரு கணக்கை அவசரமாகத் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன்.

(திரையில்: “2எம் திணிவுள்ள பந்து 2எம் உயரத்திலிருந்து விடப்படுகிறது.” இரண்டு எம்மும் நிமிர்ந்த ஆங்கில எழுத்தில்.)

கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், இதில் எந்த எம் மீற்றர்?”

அவள் கேட்டது நியாயம். அச்சுப் புத்தகத்தில் இந்தச் சந்தேகமே வந்திருக்காது, ஏனென்றால் அங்கே திணிவைக் குறிக்கும் எம் சாய்ந்திருக்கும், மீற்றரைக் குறிக்கும் எம் நிமிர்ந்திருக்கும். ஐஎஸ்ஓ 80000 என்ற சர்வதேசத் தரமும் இதைத்தான் சொல்கிறது: மாறிகள் சாய்ந்தும், அலகுகளும் சைன், கொஸ் போன்ற சார்புகளின் பெயர்களும் நிமிர்ந்தும் இருக்க வேண்டும்.

(திரையில்: அதே வாக்கியம், முதல் எம் மட்டும் சாய்கிறது.)

சரி, போனில் எப்படிச் சாய்ப்பது? வட்ஸ்அப்பில் எழுத்தின் இரு பக்கமும் ஓர் அடிக்கோடு போட்டால் போதும், சாய்ந்துவிடும். ஆனால் அது வெளித்தோற்றம் மட்டும்தான், உள்ளே இருப்பது அதே சாதாரண எம், அதனால் வடிவமைப்பை ஏற்காத இன்னோர் இடத்தில் கொண்டுபோய் ஒட்டினால் சாய்வு போய்விடும், அதோடு பொருளும் போய்விடும். கணினியிலும் போனிலும் வரும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் தரம்தான் யுனிகோட். இதற்காகவே 2001 இல் வந்த யுனிகோட் 3.1 இல் கணித எழுத்துகளுக்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள். சாய்ந்த எம் அங்கே தனிக் குறியீடு, எங்கே ஒட்டினாலும் சாய்ந்தே நிற்கும். தடித்தவை, கையெழுத்துப் பாணி எல்லாம் சேர்த்து அந்தத் தொகுதியில் இப்போது 996 எழுத்துகள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சாய்ந்த சிறிய எழுத்துகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஜீக்கும் ஐக்கும் நடுவில் ஓர் இடம் காலி.

(திரையில்: எழுத்து வரிசை, எச் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்.)

எச்சை யாரும் மறக்கவில்லை. சாய்ந்த எச், பௌதிகவியலில் வரும் பிளாங்க் மாறிலியின் குறியாக யுனிகோட்டில் ஏற்கனவே வேறோர் இடத்தில் இருந்தது, அதனால் இரண்டாவது முறை சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். உயரத்துக்கு எச் போடும்போது நீங்கள் எடுக்க வேண்டியது அந்தப் பழைய எழுத்தைத்தான். எழுத்துகளை எண் வரிசைப்படி மாற்றித் தரும் நிரல் எழுதுபவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் எச் வரும் இடமெல்லாம் வெறும் கட்டம்தான் தெரியும்.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் இந்த எழுத்துகளையே போடலாமா? வேண்டாம். தேடும்போது பல இடங்களில் சாதாரண எக்ஸும் சாய்ந்த எக்ஸும் வேறு வேறாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். பழைய போன்களில் கட்டம் கட்டமாக வரும். எனக்குப் பெரிய கவலை பார்வையற்ற பிள்ளைகளைப் பற்றித்தான்: திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் சிலவேளை ஒவ்வொரு எழுத்துக்கும் நீளமான முழுப்பெயரையும் வாசிக்கும், சிலவேளை ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். முகநூலில் பெயரை அழகாக்க இந்த எழுத்துகளைப் போடுபவர்களின் பெயரும் அப்படித்தான் அவர்களுக்குக் கேட்கும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வேர்டில் எழுதினால் ஆல்ட் விசையோடு சமன் குறியை அழுத்துங்கள், சமன்பாட்டுப் பெட்டி திறக்கும், மாறிகளை அதுவே சாய்த்துக்கொள்ளும். கணித ஆவணங்களை அச்சுக்குத் தயாரிக்கும் லாடெக்கில் டொலர் குறிகளுக்குள் எழுதினால் அதே வேலை நடக்கும், ஆனால் சைனுக்கு முன்னால் பின்சாய்கோடு போட மறந்தால் எஸ், ஐ, என் என்று மூன்று மாறிகளைப் பெருக்கியதுபோல் சாய்ந்து நிற்கும். இணையப் பக்கம் என்றால் அங்கே கணிதம் எழுதுவதற்கான குறியீட்டு மொழி மத்எம்எல், அதில் தனி எழுத்து மாறி தானாகவே சாயும்.

வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் உரையில், ஒரு குறுஞ்செய்தியில், 2எம் மாதிரி இரண்டு பொருள் வரும்போது மட்டும் நான் அந்த யுனிகோட் எழுத்தை எடுக்கிறேன். அந்தக் கணக்கை மறுபடி அனுப்பியபோது இன்னொரு வேலையும் செய்தேன்: “2 மீற்றர்” என்று தமிழிலேயே எழுதிவிட்டேன்.