காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். மனநலப் பிரிவில் புறநோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன் நான். மனச்சோர்வு பற்றிப் பொதுவாகப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசுகிறேன். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரைகளை முதல்முறையாக எழுதி வாங்கிப் போகிறவருக்கு அடுத்த ஒன்றரை மாதத்தில் என்ன நடக்கிறது?

ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். இது ஒருவருடைய கதையல்ல, பலரிடம் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். விபத்தில் பக்கத்தில் இருந்த கிளீனர் இறந்துபோனார். இவருக்குக் கால் முறிந்தது, அது கூடியும்விட்டது. ஆனால் மாதக்கணக்கான பிறகும் கண்ணை மூடினால் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. பசி இல்லை, பிள்ளைகளோடு பேச்சில்லை. அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாமே என்ற நினைப்பு. தூங்குவதற்குத் தினமும் ஒரு குவாட்டர். கடைசியில் மனைவி இழுத்துக்கொண்டு வருகிறார். மனச்சோர்வும், அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பும் இவருக்குச் சேர்ந்தே இருக்கின்றன.

ராத்திரி மாத்திரை குளோனாசெபாம் போன்ற ஒன்று. போட்ட அன்றைக்கே தூக்கம் வருகிறது. காலை மாத்திரை செர்ட்ராலின், மனச்சோர்வுக்கான மருந்து. அதைப் போட்ட இரண்டாம் நாளே குமட்டல், வயிறு கலக்கல், ஒரு படபடப்பு. மனதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, நம் ஆள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்: ராத்திரி மாத்திரை நல்ல மாத்திரை, காலை மாத்திரை சேராத மாத்திரை. பத்தாம் நாள் காலை மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. ராத்திரி மாத்திரை மட்டும் வருடக்கணக்கில் ஓடுகிறது. தொடர வேண்டியதை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதைத் தொடர்கிறார். நான் அதிகம் பார்க்கிற சிக்கல் இதுதான். இதற்காக நோயாளியை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அவருக்கு இதை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

செர்ட்ராலின் மூளை நரம்புகளுக்கு இடையில் செரட்டோனின் என்ற பொருளின் அளவைக் கூட்டுகிறது. அது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். ஆனால் அந்தக் கூடுதலுக்கு நரம்புகள் பழகித் தங்களை மாற்றிக்கொள்ள வாரங்கள் ஆகும். தொல்லை முதலில் வந்து பலன் பிறகு வருவது இதனால்தான். மனம் லேசாவது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனை எடைபோட ஆறு முதல் எட்டு வாரம். அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு உள்ளவர்கள் ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவர்கள் என்பதால் 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50 ஆக்குவோம். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அது தானாகவே அடங்கிவிடும்.

முன்னேற்றம் நோயாளிக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டாருக்குத்தான் பல சமயம் தெரிகிறது. ‘இன்னைக்கு ரெண்டாவது தடவை சோறு கேட்டார் டாக்டர்’ என்று மனைவி சொல்வார். இவரோ ‘ஒண்ணும் மாறல சார்’ என்பார். நான் மனைவி சொல்வதைத்தான் குறித்துக்கொள்வேன்.

ஒரு விஷயத்தை வானொலியில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். இந்த வகை மாத்திரைகளால் தாம்பத்திய உறவில் ஆர்வமோ இயக்கமோ குறையலாம். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் மாத்திரை மட்டும் நின்றுவிடும். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம்.

சரி, ராத்திரி மாத்திரைக்கு வருவோம். குளோனாசெபாம், அல்பிரசோலம் எல்லாம் ஒரே குடும்பம். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், அதே தூக்கத்துக்குக் கூடுதல் அளவு கேட்கும். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில், அந்த அதிர்ச்சியால் வரும் தொந்தரவுகளுக்கு இந்தக் குடும்பத்து மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பிறகும்கூட, காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்குத்தான் எழுதுவோம். அப்புறம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தெரிந்த மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்கிற பழக்கம்தான் இதைக் கெடுக்கிறது. கெட்ட கனவு மட்டும் விடாமல் துரத்துகிறது என்றால், பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. எல்லோருக்கும் கேட்பதில்லை. தொடங்கிய நாட்களில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

குவாட்டரும் ராத்திரி மாத்திரையும் சேரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். அதற்காகத் தினம் குடிக்கிறவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நாளில் நிறுத்தினாலும் கை நடுக்கம், வலிப்பு வரலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதியாக்கிச் சொல்லாதீர்கள். காலையில் மயக்கம் மிச்சம் இருக்கிறவரை ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது. பிழைப்பு போகிறதே என்பார், நியாயம்தான். ஆனாலும் கூடாது.

விபத்தின் நினைவை மாத்திரை அழிக்காது. அதற்கென்று பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்கிற சிகிச்சைதான் முதன்மையானது. ஆனால் நாலு நாள் தூங்காதவரை உட்காரவைத்துப் பேசச் சொல்ல முடியாது. உட்கார்ந்து பேசுகிற நிலைக்குக் கொண்டுவர மாத்திரை உதவுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. பேச்சு சிகிச்சைக்குத்தான் ஆள் போதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. முதல் சில வாரங்கள், அதுவும் நோயாளி 25 வயதுக்குக் கீழே என்றால், கூடுதல் கவனம் வேண்டும். அந்த வயதினரில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் செய்திருக்கிறது. மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். சாகலாம்போல இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், ஓயாத பேச்சும் கண்டபடி செலவுமாக இருந்தாலும் உடனே கூட்டி வாருங்கள். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழிலேயே பேசலாம். மறுபடி சொல்கிறேன், ஒன்று நான்கு நான்கு ஒன்று ஆறு.

குணமானதும் நிறுத்திவிடலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. மனச்சோர்வு விலகிய பிறகு குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம், அதிர்ச்சியும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரு வருடம் தொடரச் சொல்வோம். அதற்கப்புறம் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவோம். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரும். சிலர் அதைப் பார்த்து அடிமையாகிவிட்டோம் என்று பயந்துபோகிறார்கள். அது குறைத்த வேகத்தின் கோளாறுதான். நம் ஓட்டுநர் மறுபடி வண்டி எடுத்து வடக்கே லோடு போகிறார் என்றால், பையில் பத்து நாளைக்குக் கூடுதலான காலை மாத்திரையும் சீட்டின் நகலும் இருக்கட்டும். எந்தச் சுங்கச்சாவடியில் எத்தனை நாள் நிற்க வேண்டியிருக்கும் என்று கிளம்பும்போது யாருக்குத் தெரியும்?

நன்றி, வணக்கம்.