ஏரியின் மேல் படர்ந்த புகை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். என்னிடம் கிதார் கற்க வரும் பிள்ளைகளில் பலர், விரல் நுனி காய்த்துப்போவதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே ஒரு மெட்டை வாயால் முனகிக் காட்டி, "இதை எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்பார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்னும் ஹார்ட் ராக் பாட்டின் தொடக்கம் அது. உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியை, நேரில் கண்டவர்கள் பெரிதாக எதையும் சேர்க்காமல் சொல்லிவைத்த சாட்சியம் அந்தப் பாட்டு. என் மனத்தில் அதற்கு உயர்ந்த இடம் இருப்பதற்கு அதுவே காரணம்.

1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோந்த்ரூ என்ற ஊருக்கு இந்தக் குழுவினர் புதிய இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்யச் சென்றிருந்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்து, குளிர்காலத்துக்காக மூடப்படவிருந்த அவ்வூர்க் கேசினோவின் அரங்கிலேயே வாசித்துப் பதிவு செய்வது அவர்களுடைய திட்டம். அதற்கு முன் அங்கே நடக்க இருந்தது ஒரே ஒரு கச்சேரிதான். டிசம்பர் 4 அன்று நடந்த, அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் ஸாப்பா குழுவின் அந்தக் கச்சேரியில், கூட்டத்திலிருந்த ஒருவர் தீப்பொறி கக்கும் சமிக்ஞைத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது. ஸாப்பா வாசிப்பை நிறுத்தி, பதற்றமில்லாமல் அனைவரையும் வெளியேறச் சொன்னார். மோந்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவரான கிளாட் நாப்ஸ், உள்ளே சிக்கிய இளைஞர்களை மீட்க ஓடினார். கட்டடம் முழுவதும் எரிந்து போயிற்று. உயிரிழப்பு மட்டும் நேரவில்லை. அந்த நாப்ஸின் பெயர் பாட்டு வரியிலேயே இருக்கிறது. நன்றிக்கடனை இவ்வளவு நேராகச் சொன்ன ராக் பாட்டு வேறொன்றை நான் அறியேன்.

தங்கியிருந்த விடுதியிலிருந்து, எரியும் கட்டடத்தின் புகை ஏரியின் மேல் படர்வதைக் குழுவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து, தூக்கத்திலிருந்து விழித்த பாஸ் கிதார் கலைஞர் ரோஜர் குளோவரின் வாயில் பாட்டின் தலைப்பு தானாக வந்தது. போதைப்பொருளைப் பற்றிய பாட்டு என்று கேட்பவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் அப்போது அவர்களுக்கு இருந்தது.

மெட்டு அதற்கு முன்பே பிறந்துவிட்டது. கேசினோ போனபின், பெவிலியன் என்ற அரங்கில் இரவில் அதைப் பதிவு செய்தபோது, சத்தம் தாங்காத ஊரார் புகாரின்பேரில் போலீஸார் வந்து கதவைத் தட்டினார்கள். பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சுவராக அடுக்கி மற்றப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த இடமாற்றங்களும் பாட்டு வரிகளுக்குள் வந்துவிட்டன.

மெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது முறையில் சொன்னால் ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம் என்ற நான்கே சுரங்கள். குழுவின் கிதார் கலைஞர் ரிட்சி பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நான்காவது இடைவெளியில் (ஸட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தூரம்) இன்னொரு சுரத்தைச் சேர்த்து, இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் கிள்ளி வாசிக்கிறார். கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் பிளெக்ட்ரம் என்ற மீட்டு வில்லையால் தட்டி, ஐந்தாவது இடைவெளியில் (ஸட்ஜம்-பஞ்சம தூரம்) கனமாக வாசித்துவிடுகிறார்கள். இறுக்கமான அந்தத் தனி ஒலி அதில் கிடைக்காது. குழுவின் ஜான் லார்ட் தம் ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகையின் ஒலியை, கிதாருக்குப் பயன்படும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தி அதே மெட்டை வாசிப்பதால், எது கிதார், எது ஆர்கன் என்று பிரித்தறிவதும் எளிதன்று.

'மெஷின் ஹெட்' என்ற அந்த இசைத்தட்டு 1972 மார்ச்சில் வெளியானபோது, இந்தப் பாட்டு வெற்றி பெறும் என்று குழுவினரே எதிர்பார்க்கவில்லை; முதலில் தனித்தட்டாக வந்தது வேறொரு பாட்டு. 1973-இல் இது தனித்தட்டாகி அமெரிக்காவின் பில்போர்டு விற்பனை, ஒலிபரப்புத் தரவரிசையில் 4-ஆம் இடத்தை எட்டியது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, நிவாரண நிதிக்காகப் பல ராக் கலைஞர்கள் கூடி மறுபதிவு செய்யத் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். அந்தப் பதிவில் டீப் பர்ப்பிளின் பாடகர் இயன் கில்லனோடு புரூஸ் டிக்கின்சனும் பாடினார். பிளாக்மோர், பிரையன் மே, டேவிட் கில்மோர், டோனி அயோமி ஆகியோர் கிதார் வாசித்தார்கள்.

நேயர்களே, இப்போது ஒலிக்கவிருக்கும் 1972-ஆம் ஆண்டுப் பதிவின் தொடக்கத்தைக் கூர்ந்து கேளுங்கள். முதலில் கிதார் தனித்து வரும். அடுத்து டிரம் கலைஞர் இயன் பேஸ் ஹை-ஹாட் என்ற இணைத் தட்டுகளில் வாசிக்கும் தாளமும் ஆர்கனும் சேரும். பின்பு மற்ற டிரம்கள். கடைசியாக, தலைப்பைக் கண்டெடுத்த குளோவரின் பாஸ் கிதார்.